ஒரு மணிக்கு மேல் வேறு பெயர்

போன வாரம் ஒரு வீட்டில் கிராம்பைத் தட்டிப் போட்டு டீ கொடுத்தார்கள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் இரண்டு வாசனையும் ஒன்றாக ஏறி வந்து என் பல் ஈறில் உட்கார்ந்தன. "நல்லா இல்லீங்களா?" என்று அந்த வீட்டுக்காரம்மா கேட்டார். சூடாக இருக்கிறது என்று சொல்லிக் கீழே வைத்தேன். ஆறிப்போய் மேலே ஆடை கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேயிலையும் கிராம்புத் தைலமும் சேர்ந்து மணத்த ஒரு கட்டிடத்தில் நான் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற ரோட்டில், தகரக் கூரை போட்ட நீளமான மூன்று மாடி. முன்பு தேயிலை ஃபாக்டரி. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, சிறு விவசாயிகள் பறித்த இலையை நடுரோட்டில் கொட்டிவிட்டுப் போன அந்த வருஷங்களில், ஃபாக்டரி முதலாளி மெஷின்களைக் கழற்றி விற்றார். நண்பர்களைச் சேர்த்து ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தார். பல் மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் வந்துவிட்டன. இலை வாட்டுவதற்காகக் கட்டிய மேல்மாடியில், இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த அந்த நீண்ட பலகைத் தரையில், பல் பார்க்கும் நாற்காலிகள் வரிசையாக நின்றன. மழை பெய்தால் பலகை ஊறும். ஊறினால் பழைய தேயிலை மணக்கும். அதன் மேல் கிராம்புத் தைலம். அதற்கும் மேல் துளை போடும் கருவியின் கீச்சல், மழைச் சத்தத்துக்குள் ஒரு பூச்சி மாட்டிக்கொண்டது போல.

நான் பதிவுப் பிரிவில் இருந்தேன். யார் வந்தாலும் பெயர், வயது, ஊர் கேட்டு அட்டை எழுதித் தருவது வேலை. நிர்வாகக் குழு கூடும்போது அங்கே பேசியதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுவதும் என் தலையில்தான். "அம்மிணி கவிதையெல்லாம் எழுதறவங்க, மினிட்ஸ் எழுத மாட்டாங்களா?" என்று ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்டென்ட் சொல்லிவிட்டார். கோயமுத்தூர்க்காரர். கேலி செய்கிறாரா மதிக்கிறாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

அந்த இடத்துக்கு இரண்டு தலை. கல்லூரிக்கு முதல்வர், ஆஸ்பத்திரிக்கு சூப்பரின்டெண்டென்ட். இருவருக்கும் மேலே சேர்மன், அதாவது பழைய ஃபாக்டரி முதலாளி. சேர்மனுக்கு யாரும் யாரையும் முழுசாக ஆளக் கூடாது. அதனால் எல்லாவற்றையும் கடிகாரத்தை வைத்துப் பிரித்திருந்தார். காலையிலிருந்து ஒரு மணி வரை நாற்காலிகள் ஆஸ்பத்திரியுடையவை. ஒரு மணிக்கு மேல் அதே நாற்காலிகள் கல்லூரியுடையவை. காலையில் வெள்ளை அட்டை, மத்தியானம் மஞ்சள் அட்டை. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவேடு. ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாயைத் திறந்தவர், மூடும்போது வேறொருவர் அதிகாரத்தில் இருப்பார்.

இதையெல்லாம் கட்டம் கட்டமாக, அம்புக்குறி போட்டு, ஒரு பெயின்டர் பெரிய பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருந்தார். நோயாளிக்கு அதில் கட்டம் இல்லை. முதல்வரும் சூப்பரின்டெண்டென்டும் நேருக்கு நேர் பேசுவது கிடையாது. இவர் எழுதியதை அவரிடமும் அவர் எழுதியதை இவரிடமும் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த மாடிப்படி எனக்குத்தான் தெரியும்.

கல்லூரிக்கு அனுமதி நீட்டிக்க ஆய்வுக்கு ஆட்கள் வருவதாகக் கடிதம் வந்தது. வந்தவர்கள் பார்க்க நாற்காலி நிறைய நோயாளி வேண்டும். எங்களுக்கு அவ்வளவு நோயாளி ஒருநாளும் வந்ததில்லை. முன்பெல்லாம் எஸ்டேட் பெண்களை வேலைநாளில் கூப்பிட்டால் வர மாட்டார்கள். இப்போது பாதி எஸ்டேட்டில் வேலையே இல்லை. ஒரு நாள் கூலியும் மத்தியானச் சாப்பாடும் என்று சொல்லி, கோத்தகிரி தாண்டி ஓர் எஸ்டேட்டுக்கு சேர்மன் பஸ் அனுப்பினார். ஒரு பஸ் நிறைய வந்தார்கள். அப்படியும் பற்றவில்லை.

சூப்பரின்டெண்டென்ட் என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"காலைல வந்தவங்களே மத்தியானமும் உக்காரட்டும். ஆனா ரெண்டு ரெஜிஸ்டரையும் பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க. ஒரே பேரு இருந்தா மாட்டிக்குவோம். மத்தியானத்துக்குப் பேரை மாத்திப் போட்டுருங்க அம்மிணி. ஊரையும்."

"அத்தனை பேருக்கு எங்கீங்க சார் போறது?"

"கவிதை எழுதறீங்கள்ல. எழுதுங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கூடப் படித்தவர்கள், அத்தைகள், டவுன் பஸ்ஸில் போகும்போது படித்த ஜவுளிக்கடைப் பலகைகள் எல்லாம் மஞ்சள் அட்டையில் வந்து இறங்கின. ஊர் என்கிற இடத்தில் ஓர் எஸ்டேட்டையே உண்டாக்கினேன். அதில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளாக ஒரு லயம் இருந்தது, லயத்துக்குப் பின்னால் ஓடை இருந்தது, ஓடையைத் தாண்டி ஒரு சின்ன மாரியம்மன் கோயில். அப்படியோர் எஸ்டேட் இந்த மலையில் எங்குமே இல்லை.

வரிசையின் கடைசியில் அவர் நின்றார். ஐம்பதைத் தாண்டிய பெண். இலங்கைத் தோட்டத்திலிருந்து இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். கன்னத்தில் வெற்றிலை அடங்கியிருந்தது.

"ஒரு வாயிக்கு எத்தன தடவ பாப்பாங்க மிஸ்? காலையில ஆறு பல்லு சொத்தைன்னாங்க. இப்ப ஏழாயிருமா?"

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"மத்தியானத்துக்கு வேற பேரு, அக்கா."

"கட்டுற சீலையே ஒண்ணுதான். பேரு மட்டும் ரெண்டா?"

எனக்குப் பெயர்கள் தீர்ந்துபோயிருந்தன. 

"உங்க பேரு என்னா மிஸ்?"

சொன்னேன்.

"நல்லாத்தானே இருக்கு. அதையே எனக்குப் போட்டுவிடுங்க. நாலு மணிக்குத் திருப்பித் தந்துர்றேன்."

எழுதினேன். என் பெயரை என் கையால் மஞ்சள் அட்டையில் எழுதி அவரிடம் நீட்டினேன். அதை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு படியேறிப் போனார்.

ஆய்வுக்கு வந்தவர்களில் ஒருவர் வயதானவர். மற்றவர்கள் பதிவேட்டைப் பார்த்தபோது அவர் மட்டும் நாற்காலி நாற்காலியாகப் போய் வாய்களைப் பார்த்தார். என் பெயரில் உட்கார்ந்திருந்தவரிடம் வந்ததும் நின்றார். இடது கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு, அதன் நடுவே சிவப்பு. "இதைச் சும்மா விடக் கூடாது. ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்க" என்றார். அவர் முன்னாலேயே எடுத்தார்கள். அந்த நாள் முழுவதும் எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்த ஒரே உண்மையான வைத்தியம் அதுதான். அது என் பெயரில் நடந்தது.

இறங்கி வந்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஊசி போட்டு என்னமோ கிள்ளி எடுத்தாங்க மிஸ். உங்க பேருக்குத்தான் நோவு, எனக்கில்ல" என்றார். பஸ் ஹாரன் அடித்தது. திரும்பி எப்போது வர வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனைக்கூடத்து டாக்டர் என் மேஜைக்கு ஒரு காகிதத்தோடு வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரிய பெண்.

"ஒரு நிமிஷம் பயந்துட்டேன். உன் பேரு, ஆனா வயசு அம்பத்து மூணு. யாரு இது?"

காகிதத்தைப் பார்த்தேன். என் பெயர், அதன் கீழே நான் உண்டாக்கிய ஊர், அதன் கீழே புற்றுநோய் என்கிற அந்தச் சொல்.

"ஆரம்பம்தான்" என்றார் டாக்டர். "இப்பப் போனா ஒரு சின்ன ஆபரேஷன். ஆறு மாசம் விட்டா அதே வார்த்தைய நான் சொல்ல மாட்டேன்."

அன்று சாயங்காலம் சூப்பரின்டெண்டென்ட் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "அந்தம்மா யாருன்னு உங்களுக்கு நெனப்பிருக்குங்களா அம்மிணி?"

எனக்கு நினைவிருந்தது. சேலையின் நிறம் நினைவிருந்தது, எந்த எஸ்டேட் பஸ் என்று தெரியும், காலையில் எழுதிய வெள்ளை அட்டையில் அவருடைய சொந்தப் பெயரே இருந்தது. ஆனால் அந்த மாதம்தான் என் வீட்டுக்காரரைக் குன்னூரில் தேயிலை ஏலம் எடுத்துக் கொடுக்கும் கம்பெனியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம்தான் என் வாயில் வந்து அடைத்தது.

"தெரியலீங்க சார்" என்றேன்.

"அப்ப வுடுங்க" என்றார். அவர் மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

விஷயம் நிர்வாகக் குழுவுக்குப் போனது. நீண்ட மேஜையின் ஒரு தலையில் சேர்மன். இந்தப் பக்கம் முதல்வர், அந்தப் பக்கம் சூப்பரின்டெண்டென்ட். மூலையில் மினிட்ஸ் புத்தகத்தோடு நான்.

"மஞ்சள் அட்டை. எங்க பேஷண்ட்தான், ஒத்துக்கறேன்" என்றார் முதல்வர். சென்னைக்காரர். அளந்து பேசுவார். "ஆனா பேஷண்ட்டைக் கூப்பிடற பொறுப்பு ஆஸ்பத்திரியோடது. விதி அப்படித்தானே இருக்கு?"

"ஏனுங்க, எங்க ரெஜிஸ்டர்ல அந்தப் பேரே இல்லீங்களே" என்றார் சூப்பரின்டெண்டென்ட், சேர்மனைப் பார்த்து. "இல்லாத ஆளை நான் எங்கீங்க போய்த் தேடறது?"

"அதைத்தான் நானும் கேட்கறேன், சேர்மன் சார். அந்தப் பேரு எப்படி வந்துதுன்னு நான் கேட்க ஆரம்பிச்சா நல்லா இருக்காது."

"சண்டை வேண்டாமுங்க" என்றார் சேர்மன். "அனுமதிக் கடிதம் இன்னும் கைக்கு வரலை. அது வர்ற வரைக்கும் பேரு, ரெஜிஸ்டர்னு ஒருத்தரும் வாயைத் திறக்காதீங்க. அட்டையில ஊரு போட்டிருக்குதில்ல? ஒரு லெட்டர் போட்டுருங்க."

அந்த ஊரை எழுதியவள் நான் என்பது அங்கே மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. 'நோயாளியின் முகவரிக்குக் கடிதம் அனுப்புவதென முடிவு செய்யப்பட்டது' என்று எழுதினேன். மறுநாள் நானே அந்தக் கடிதத்தையும் எழுதினேன். 'தாங்கள் உடனடியாக நேரில் வரவும்.' உறையின் மேல் என் பெயர், ஓடைக்கு இந்தப் பக்கம் உள்ள லயம், இல்லாத எஸ்டேட். தபால்பெட்டியில் போட்டபோது அது விழுந்த சத்தம் கேட்டது.

இப்போதெல்லாம் யோசிப்பேன். அங்கே கெட்டவர் என்று யாரும் இல்லை. சூப்பரின்டெண்டென்ட் வலியோடு வந்தவரை ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. முதல்வர் தன் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர். சேர்மன் ஃபாக்டரியை மூடிய அன்று அழுதார் என்று சொல்வார்கள். ஒரு மணி அடித்ததும் எல்லோரும் அவரவர் பக்கம் ஒதுங்கி நின்றோம். நடுவில் ஒரு வாய் திறந்தபடி இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் திரும்பி வந்தது. 'அப்படியொரு விலாசம் இல்லை' என்று தபால்காரர் பென்சிலால் எழுதியிருந்தார். அடுத்த கூட்டத்தில் உறையை மேஜையில் வைத்தேன். சேர்மன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாருங்க, நாம லெட்டர் போட்டோம், ஆள் இல்லைன்னு வந்திருச்சு. நம்ம கடமை முடிஞ்சுதுங்க. ஃபைல்ல வெச்சுருங்க."

வைத்தேன். அனுமதிக் கடிதமும் அந்த வாரம் வந்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். பரிசோதனைக்கூடத்து டாக்டர் லட்டை எடுக்காமல் என் மேஜையைத் தாண்டிப் போனார். நான் எழுந்து அவர் பின்னால் ஓடினேன்.

"எனக்கு ஆளைத் தெரியும்" என்றேன். "முதல் நாள்லேருந்தே தெரியும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். "எத்தனை வாரம் ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். ஒன்பது.

"அவங்க பேர்ல புது ரிப்போர்ட் எழுதித் தரலாம். முதல்வர் கையெழுத்து இல்லாம அது செல்லாது. அவர் போட மாட்டார்." அலமாரியிலிருந்து தீப்பெட்டி அளவில் ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார். உள்ளே பஞ்சில் சுற்றிய, அந்தச் சதைத் துணுக்கு ஒட்டிய ஒரு கண்ணாடித் துண்டு. "ரிப்போர்ட்டும் இதுவும் எடுத்துக்கோ. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரில இதை வெச்சுப் பார்ப்பாங்க. கண்ணாடி பேரு கேக்காது."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக்கு பஸ் ஏறினேன். எஸ்டேட்டில் கவாத்து செய்யாத தேயிலை இடுப்புக்கு மேல் வளர்ந்து, தோட்டமாக இல்லாமல் காடாகிக்கொண்டிருந்தது. லயத்துக் குழாயடியில் பெண்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"என்னா மிஸ், இங்கயே வந்துட்டீங்க? பஸ் கொண்டாந்தீங்களா?"

"இந்தத் தடவ எனக்கு நடிகை பேரா போடுங்க மிஸ்!"

அவர் தன் வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன மகளிடம் அன்றைக்கே கிளம்புகிறார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் அந்த லயத்தில் பூட்டைத்தான் பார்த்திருப்பேன். அது என்னை இன்றும் தூங்கவிடாத கணக்கு. மூட்டையின் ஒரு காதை நான் பிடித்துக்கொண்டேன். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில், நடந்தபடியே, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வெற்றிலையை ஓரமாகத் துப்பினார்.

"புண்ணு ஆறல. வெத்தல சுண்ணாம்புன்னு நெனைச்சேன்." பிறகு கேட்டார், "ஒங்களுக்கு எப்பத் தெரியும் மிஸ்?"

"ரெண்டு மாசமா."

மூட்டையை என் கையிலிருந்து வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்ட் வரும்வரை நான் சும்மா கை வீசி நடந்தேன்.

இதற்கப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், முடிவில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. நான் வேலையை விட்டேன். நாங்கள் மலை இறங்கிக் கோயமுத்தூருக்கு வந்தோம். ஒருநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போய், விசாரிக்கிற ஜன்னலில் நின்று, வாயில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மா என்று தொடங்கி, என் பெயரையே சொல்லிக் கேட்டேன். உள்ளே இருந்தவர் நல்ல மனுஷர். புத்தகத்தைப் புரட்டினார். "இந்தப் பேர்ல நெறையப் பேர் இருக்காங்களேம்மா. வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க, கண்டுபிடிச்சர்லாம்." நான் ஜன்னலை விட்டு விலகினேன். பின்னால் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. அவருடைய வெள்ளை அட்டையிலும் அது கிடையாது. எங்கள் அட்டையில் பெயர், வயது, ஊர் மூன்றுதான். மற்றது ஒன்றையும் நாங்கள் யாரிடமும் கேட்டதில்லை.

அன்று கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் மேட்டுப்பாளையம் பஸ் புகை விட்டுக்கொண்டு நின்றது. பனி இறங்கியிருந்தது. ரிப்போர்ட்டையும் அட்டைப் பெட்டியையும் அவர் கையில் கொடுத்தேன். பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"ஆட்டாதீங்கக்கா, கண்ணாடி."

"என் சதை தானே." ரிப்போர்ட்டில் விரல் வைத்தார். "இதுல யாரு பேரு இருக்கு?"

"என் பேருதான். மாத்தித் தர மாட்டேங்கிறாங்க. அங்க போய் நடந்ததைச் சொன்னா..."

"என்னா கதை சொல்ல? அவங்க கேக்குறதுக்குள்ள சாயங்காலமாயிரும்." காகிதத்தை மடித்து அன்றைக்கு அட்டையை வைத்த அதே இடத்தில் வைத்துக்கொண்டார். "ஒன் பேருலயே போறேன் பிள்ளை. நாலு மணிக்குத் தந்துர்றேன்னு சொன்னேன். இன்னும் கொஞ்ச நாளு வச்சுக்கிறேன்."

முதல் தடவையாக மிஸ் போய்ப் பிள்ளை வந்தது. மன்னிப்பா, இல்லை இனி மரியாதைக்கு நான் தகுதியில்லை என்பதா, இன்றுவரை தெரியவில்லை. பஸ்ஸுக்குள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். என் பெயரை உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தது தெரிந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் அசைந்தபோது கண்ணாடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினார்.

"பிள்ளை, புருசன் பேரு கேட்டா என்னா சொல்லட்டும்?"

நான் பஸ்ஸோடு நாலடி ஓடினேன்.

"உங்க வீட்டுக்காரர் பேரையே சொல்லுங்கக்கா. அதையாவது மாத்த வேண்டாம்."